ஒரு நூலிழைத் தமனியும் போ ஜாக்சனின் இடுப்பும்

1991 ஜனவரி 13, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெமோரியல் கொலிசியம் மைதானம். அமெரிக்கக் கால்பந்தின் பிளே ஆஃப் சுற்றில் ரைடர்ஸ் அணியும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு 34 கெஜம் ஓடிவிட்ட போ ஜாக்சனை, பின்னால் துரத்திவந்த கெவின் வாக்கர் எட்டிப் பிடித்து வீழ்த்தினார். விதிகளுக்கு உட்பட்ட, பார்ப்பதற்கு எளிய பிடிதான் அது. விழுந்த ஜாக்சனால் உடனே எழ முடியவில்லை. பிறர் துணையோடு வெளியேறினார். ரைடர்ஸ் 20-10 என்ற கணக்கில் வென்றது. ஜாக்சன் அதன் பிறகு அந்த விளையாட்டில் ஒருமுறைகூடக் களமிறங்கவில்லை.

அப்போது அவருக்கு வயது 28. கல்லூரிக் கால்பந்தின் உயரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையை 1985இல் வென்றவர். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக பேஸ்பால், அந்தப் பருவம் முடிந்ததும் ரைடர்ஸ் அணிக்காகக் கால்பந்து என்று இரண்டு விளையாட்டுகளையும் தொழில்முறையில் ஆடியவர். இரண்டிலும் நட்சத்திர அணிக்குத் தேர்வான முதல் வீரர். இவரைப் போன்ற தசையும் எலும்பும் வாய்ப்பது மிக அரிது. ஆகவேதான் எலும்பையும் ரத்தநாளத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தபோது இவருடைய இடது இடுப்பு முதலில் நினைவுக்கு வந்தது. சத்துக்குறைவு, முதுமை, எலும்புத் தேய்வு என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்றைக்கூட இங்கே சொல்ல முடியாது. எலும்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்குச் சோறு கொண்டுவந்த வழிதான் அறுந்துபோனது.

உடைந்ததும் உடையாததும்

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழல்கிறது. ஜாக்சன் விழுந்த வேகத்தில் அந்தப் பந்து பின்பக்கமாக நழுவி, கிண்ணத்தின் பின்சுவரில் மோதிவிட்டு, மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. இடுப்பு நழுவியதை உணர்ந்ததாகவும் தானே அதை உள்ளே தள்ளிக்கொண்டதாகவும் அவர் சொன்னது பரவலாக அறியப்பட்ட செய்தி. கிண்ணத்தின் பின்விளிம்பில் எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. மூட்டு முழுமையாக விலகி, கால் கோணலாக மடங்கிக் கிடந்திருந்தால் மைதானத்திலேயே அனைவருக்கும் அபாயம் புரிந்திருக்கும். பாதி நழுவித் திரும்பிய மூட்டு அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. வலி இருக்கும்; எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்துக்குள் ஒழுங்காகத் தெரியும்.

எக்ஸ்ரே காட்டாத ஒன்று உண்டு. தொடையின் உட்புறமாகப் புறப்படும் ஒரு தமனி, எலும்பின் கழுத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வளைந்து ஏறுகிறது. அதன் ஆழ்ந்த கிளையிலிருந்து பிரியும் இரண்டு முதல் நான்கு மெல்லிய குழாய்கள், கழுத்தின் மேல்புறத்தில் எலும்போடு ஒட்டியபடி மூட்டுறையின் சவ்வுக்கடியில் ஓடி, தலையின் விளிம்பில் உள்ளே நுழைகின்றன. வளர்ந்த மனிதரின் தொடை எலும்புத் தலை பெரும்பாலும் இந்த நூலிழைகளை நம்பித்தான் உயிர்வாழ்கிறது. பந்தின் நடுவே கிண்ணத்தோடு இணைக்கும் தசைநார் வழியாகவும் ஒரு சிறு தமனி வருகிறது. ஆனால் பெரியவர்களுக்கு அது தரும் ரத்தம் பொதுவாகப் போதாது.

இப்படி அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. பந்தின் மேற்பரப்பு முழுவதும் குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்கிறது. வழுக்கிச் சுழல வேண்டிய பரப்பில் ரத்தநாளம் நுழைய இடமில்லை. எனவே ஒரே விளிம்பு வழியாகத்தான் எல்லாம் உள்ளே வர வேண்டும். சுற்றிலும் கடல் இருக்க, ஒரே பாலத்தால் நிலத்தோடு இணைந்த தீவைப் போன்றது அந்தத் தலை. நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரத்தைத் தாங்கும் எலும்புக்கு வழித்துணை இவ்வளவுதான் என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நம்பவே கடினமாக இருந்தது.

பந்து பின்னால் நழுவும்போது இந்தக் குழாய்கள் இழுபடலாம், முறுக்கப்படலாம், கிழியலாம். அவை தப்பினாலும், மூட்டுறைக்குள் கசிந்து தேங்கும் ரத்தத்தின் அழுத்தம் அவற்றை நசுக்கலாம். பந்து சில நொடிகளில் திரும்பி வந்துவிடலாம். கிழிந்த தமனி அப்படித் திரும்புவதில்லை.

அமைதியான வாரங்கள்

ரத்தம் நின்றால் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மடிபவை எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள். 6 முதல் 12 மணி நேரம் போதும். அடுத்து எலும்புக்குள்ளேயே குடியிருக்கும் எலும்புச் செல்கள், 12 முதல் 48 மணி நேரத்துக்குள். கடைசியாக மஜ்ஜையின் கொழுப்புச் செல்கள், சில நாட்களில். ஆக, ஜாக்சனைப் போன்ற ஒருவருக்கு விளைவைத் தீர்மானிக்கும் நேரம் விபத்து நடந்த அந்த வாரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவருக்கும் தெரியாது, எக்ஸ்ரேக்கும் தெரியாது.

ஏன் தெரியவில்லை? எலும்புச் செல்கள் இறந்தாலும் அவை கட்டிவைத்த கட்டடம் அப்படியே நிற்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கொலாஜன் நாரும் ஒரே நாளில் கரைந்துவிடாது. ஆளில்லாத வீட்டின் தூண்கள் சில காலம் கூரையைத் தாங்குவதைப் போல, இறந்த எலும்பும் பாரத்தைத் தாங்குகிறது. மேலே போர்த்திய குருத்தெலும்போ மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்து தனக்கு வேண்டிய உணவை எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. அதனால் மூட்டின் இடைவெளியும் குறையாமல் தெரிகிறது. எம்.ஆர்.ஐ. கருவி மட்டும் மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தை எக்ஸ்ரேக்கு வெகுமுன்பே காட்டிவிடும். அதுவும்கூட முதல் நாளிலேயே காட்டிவிடுவதில்லை.

ஜாக்சனின் இடுப்பில் எலும்புத் திசு இறந்துகொண்டிருக்கிறது என்பது பின்னர்தான் தெரியவந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.வி.என். என்று அழைக்கும் நோய் அது: நாளம் செயலிழந்ததால் எலும்பு இறத்தல். 1991 மார்ச் மாதம் ராயல்ஸ் அணி அவரை விடுவித்தது. ஏப்ரலில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. செப்டம்பரில் அவர் மறுபடியும் பேஸ்பால் களத்தில் நின்றார். அந்தப் பருவத்தில் 23 ஆட்டங்கள். அன்று அவரைப் பார்த்த ரசிகர்கள் ஆபத்து நீங்கியது என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் இந்த நோயில் அப்படி நினைக்கும் காலம்தான் மிக ஏமாற்றும் காலம். ஏன் என்று புரிய, எலும்பும் நாளமும் எப்படி உறவாடுகின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நாளம் முன்னால், எலும்பு பின்னால்

எலும்பு என்றதும் மயானத்தில் கிடக்கும் வெண்மையான பொருள்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. உயிருள்ள எலும்பு இளஞ்சிவப்பு நிறமானது. வெட்டினால் ரத்தம் வடியும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்புகளுக்குப் போகிறது. கெட்டியான எலும்பை மெல்லிய வில்லையாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் போல வட்டம் வட்டமாக அடுக்குகள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு குழாய், குழாய்க்குள் நுண்நாளம். எந்த எலும்புச் செல்லும் அருகிலிருக்கும் நுண்நாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி வாழ்வதில்லை என்றே சொல்லலாம்.

அந்தக் குழாய்க்கு இன்று ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயர் வழங்குகிறது. 1691இல் எலும்பைப் பற்றி நூல் எழுதிய அவர், அந்தத் துளைகள் மஜ்ஜையின் எண்ணெயை எலும்பு முழுவதும் பரப்புவதற்கானவை என்று கருதினார். 18ஆம் நூற்றாண்டின் சுவிஸ் அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் நேர்மாறாக, எலும்பு உருவாவதற்கு மூலமே தமனிதான் என்று வாதிட்டார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர்தான்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜோசப் டுருயேட்டா. பார்சிலோனாவில் பிறந்தவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர், 1939இல் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் எலும்பியல் பேராசிரியரானார். இறந்தவர்களின் தமனிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலைச் செலுத்தி, தொடை எலும்புத் தலைக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று 1953இல் வரைபடமாகவே காட்டினார். மேலே நான் விவரித்த நூலிழைகளின் பாதை நமக்குத் தெளிவானதில் அந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. எலும்பு உருவாக்கத்தில் நாளங்களின் பங்கு பற்றி 1963இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கருவில் இருக்கும் குழந்தையின் தொடை எலும்பு, தொடக்கத்தில் எலும்பே இல்லை. குருத்தெலும்பில் வார்த்த ஓர் அச்சு அது. அதற்குள் ரத்தநாளம் கிடையாது. நடுப்பகுதியில் உள்ள குருத்தெலும்புச் செல்கள் பருத்து, முதிர்ந்து, ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. வி.இ.ஜி.எஃப். எனப்படும் அந்தப் புரதம் ரத்தநாளங்களை வா என்று அழைக்கும் செய்தி. நாளம் குருத்தெலும்பைத் துளைத்து நுழைகிறது. அதனோடு சேர்ந்து, பழைய அச்சைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களின் முன்னோடிகளும் உள்ளே வருகின்றன. கட்டும் செல்களின் முன்னோடிகள் நாளத்தின் சுவரை ஒட்டியபடியே உள்ளே நகர்வதை 2010இல் கிறிஸ்டா மேஸும் உடன் ஆய்வாளர்களும் எலிக் கருக்களில் காட்டினர். பாதை போடுகிறவர் முன்னே போக, கொத்தனார் பின்னே வருகிறார்.

இதற்கு மிகத் துலக்கமான சான்று 1999இல் கிடைத்தது. இளம் எலிகளில் வி.இ.ஜி.எஃப். புரதத்தை ஆராய்ச்சியாளர்கள் முடக்கினர். நாளங்கள் நுழைவது நின்றது. நின்றதும், பருத்த குருத்தெலும்பு செய்வதறியாமல் நீண்டுகொண்டே போனது. எலும்பாக மாறுவது தடைபட்டது. முடக்கியதை நீக்கினார்கள். நாளங்கள் நுழைந்தன, எலும்பு வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பியது. கால்சியம் இருந்தது, செல்கள் இருந்தன, மரபணுக்கள் இருந்தன. வழி இல்லாததால் எல்லாம் காத்துக் கிடந்தன. பாலும் கேழ்வரகும் உண்டால் எலும்பு தானாக வலுக்கும் என்று பேசும்போதெல்லாம் இந்தச் சோதனை என் நினைவில் வந்து நிற்கிறது.

2014இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்திலிருந்து இரண்டு கட்டுரைகள் நேச்சர் இதழில் வெளிவந்தன. அஞ்சலி குசும்பே, சரவண ராமசாமி, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோரின் பெயர்கள் இரண்டிலும் உண்டு. எலும்புக்குள் இருக்கும் நுண்நாளங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை என்பது அவர்கள் கண்டது. இரண்டு அடையாளப் புரதங்களை மிகுதியாகக் கொண்ட ஒரு வகைக்கு எச் வகை என்றும், குறைவாகக் கொண்டதற்கு எல் வகை என்றும் பெயரிட்டனர். எலும்பு வளரும் முனையை ஒட்டியும் எலும்பின் உட்பரப்பை ஒட்டியும் எச் வகை இருக்கிறது. எலும்பைக் கட்டும் செல்களின் முன்னோடிகள் இவற்றைச் சுற்றித்தான் குழுமியிருக்கின்றன. நாளத்தின் உட்சுவரே சில சமிக்ஞைகளை வெளியிட்டு அவற்றை வளர்க்கிறது. ரத்தக்குழாய் என்றால் குழாய்தான் என்று நினைத்திருந்த நமக்கு இது பெரிய திருத்தம். அது உணவை மட்டும் கொண்டுவருவதில்லை. கட்டுவதற்கு ஆணையும் தருகிறது.

எலிகளுக்கு வயதாக ஆக எச் வகை நாளங்கள் வெகுவாகக் குறைந்தன. கட்டும் செல்களின் முன்னோடிகளும் குறைந்தன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவர்களின் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்றத் தரப்படும் டெஃபெராக்சமின் மருந்து, ஆக்சிஜன் குறைந்தபோது உடல் எழுப்பும் எச்சரிக்கையைப் போன்ற ஒன்றைச் செல்களில் கிளப்பும். அதை முதிய எலிகளுக்குக் கொடுத்தபோது எச் வகை நாளங்களும் பெருகின, எலும்பின் அளவும் கூடியது. மனித எலும்பிலும் இவ்வகை நாளங்கள் இருப்பதையும் வயதோடு குறைவதையும் பிற குழுக்கள் பின்னர் காட்டின. எலியில் பலித்ததை மருந்துக் கடையில் தேடிப் போகக் கூடாது. எலும்பு வலுவுக்கான சிகிச்சையாக அந்த மருந்து மனிதருக்கு நிறுவப்படவில்லை.

ரத்தம் திரும்பியதும் சரிந்த எலும்பு

இனி ஜாக்சனின் இடுப்புக்குத் திரும்பலாம். இந்த நோயின் மிகக் கசப்பான பகுதி இதுதான்.

தலையின் ஒரு பகுதி இறந்துவிட்டது. ஆனால் கழுத்துப் பக்கமும் சுற்றுப்புறமும் உயிரோடு இருக்கின்றன. உயிருள்ள எல்லையிலிருந்து புதிய நுண்நாளங்கள் இறந்த பகுதியை நோக்கி அரும்பத் தொடங்குகின்றன. உடல் தன்னைக் குணப்படுத்த முயல்கிறது. அந்த நாளங்களோடு எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் வருகின்றன. அரிப்பவை இறந்த தூண்களைக் கரைக்கின்றன. கட்டுபவை புதிய எலும்பை அடுக்குகின்றன. ஊர்ந்து ஊர்ந்து பழையதன் இடத்தில் புதியது வரும் இந்த முறையை எலும்பியல் நூல்கள் ஊர்ந்து இடம்பெயர்த்தல் என்ற பொருளில் குறிப்பிடுகின்றன.

சிக்கல், இரண்டு வேலைகளின் வேகத்திலும் இருக்கிறது. அரிப்பது விரைவு. கட்டுவது மெதுவு. பாரம் தாங்கும் பரப்புக்குக் கீழே, பழைய தூண் போய்விட்டது, புதிய தூண் இன்னும் வரவில்லை என்ற இடைவெளி உண்டாகிறது. மனிதரோ நடக்கிறார். சிகிச்சையால் தேறிவிட்டோம் என்று நம்பி ஓடவும் செய்கிறார். குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய விரிசல் ஓடுகிறது. எக்ஸ்ரேயில் அது பிறைநிலாவைப் போலத் தெரியும். பிறை தெரிந்தபின் பெரும்பாலும் தலையின் வட்டம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான பந்து உருண்டையான கிண்ணத்துக்குள் உரசுகிறது. அதுவரை உயிரோடு இருந்த குருத்தெலும்பும் இப்போது தேயத் தொடங்குகிறது.

எலும்பு இறந்தபோது சரியவில்லை. உயிர்ப்பிக்க முயன்றபோது சரிந்தது. இதை உள்வாங்கிக்கொண்டால் இந்த நோயின் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும். அடிபட்டுப் பல மாதங்கள் கழித்து வலி கூடுவது ஏன்? நன்றாக நடந்தவர் ஒரு நாள் திடீரென்று நொண்டுவது ஏன்? நாளம் போனதும் நாளம் வந்ததும் ஆகிய இரண்டுமே எலும்பின் விதியை எழுதுகின்றன. எல்லாச் சரிவுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. இறந்த எலும்பில் அன்றாடம் விழும் நுண்கீறல்களை அடைக்க ஆளில்லாததும் சேர்ந்துகொள்கிறது.

1992 தொடக்கத்தில், பருவத்துக்கு முந்தைய பயிற்சியின்போது ஜாக்சன் நொண்டினார். அந்த ஏப்ரலில் அவருடைய இடது இடுப்பு மூட்டு அகற்றப்பட்டு செயற்கை மூட்டு வைக்கப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. 1993 ஏப்ரல் 9, சிகாகோவில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக மட்டையோடு வந்தார். திரும்பிவந்தபின் அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் பறக்கவிட்டார். அந்த ஆண்டில் அப்படி 16 ஹோம் ரன்கள். செயற்கை இடுப்போடு பேஸ்பாலின் உச்ச லீக்கில் ஒருவர் ஆடியதே முதல் முறை. அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். அதே வேளையில், முப்பது வயதுகூட நிரம்பாத மனிதருக்கு உலோகமும் நெகிழியும் சேர்ந்த மூட்டு வைப்பது வெற்றிக் கதையாக மட்டும் சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கை மூட்டு தேயும். இளம் வயதில் வைத்தால் பின்னாளில் மாற்ற வேண்டியிருக்கும். 1994இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

அதே காயம், வேறு முடிவுகள்

இது ஜாக்சனுக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டமா? அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள், கால்பந்தில் இவ்வாறு இடுப்பு பாதி நழுவிய 8 வீரர்களை ஒன்பது ஆண்டுகளில் கண்காணித்து 2003இல் எழுதினார்கள். ஆறு பேர் பழையபடி ஆடத் திரும்பினர். இரண்டு பேருக்கு எலும்பு இறந்து, செயற்கை மூட்டு வைக்க வேண்டியதாயிற்று. கிண்ணத்தின் பின்விளிம்பில் சிறு முறிவு, முன்பக்கத் தசைநார் கிழிதல், மூட்டுக்குள் ரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றார்கள். தேங்கிய ரத்தத்தை ஊசியால் வெளியேற்றலாம், ஆறு வாரங்கள் ஊன்றுகோலோடு பாரம் தவிர்க்க வேண்டும், பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பின்பே களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. சாதாரண இடுப்புச் சுளுக்கு என்று எண்ணி அனுப்பிவிடக்கூடிய காயம் இது. இந்த ஆறு வாரப் பொறுமையை எல்லாப் பயிற்சியாளர்களும் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2019 நவம்பர் 16 அன்று அலபாமா பல்கலைக்கழக அணியின் துவா டாகோவைலோவாவுக்கு வலது இடுப்பு பின்பக்கமாக முழுமையாக விலகி, கிண்ணத்தின் பின்சுவரும் முறிந்தது. மைதானத்திலேயே மூட்டைப் பொருத்தினார்கள். இரண்டு நாட்களில் ஹூஸ்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2020 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் மயாமி டால்ஃபின்ஸ் அணி அவரை ஐந்தாவது தேர்வாக எடுத்தது; அவர் களத்துக்குத் திரும்பினார். விலகிய இடுப்பை ஆறு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்பது எலும்பியலின் பழைய பாடம். முறுக்குண்ட நாளம் கிழிந்திராவிட்டால், முறுக்கு நீங்கியதும் ரத்தம் மறுபடியும் ஓடலாம். ஆனால் ஜாக்சனின் மூட்டும் உடனே திரும்பியதுதானே? ஆம். நேரம் முக்கியம்தான், நேரம் மட்டும் போதாது. முறுக்குண்ட குழாய்க்கும் அறுந்த குழாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கடிகாரம் சொல்லாது.

அடி இல்லாமலும் வரும்

விபத்து ஒரு வழி மட்டுமே. அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து, மிகுதியான மது, அரிவாள் அணு ரத்தசோகை ஆகியவையும் அதே தலைக்குள் அதே நுண்நாளங்களை அடைக்கின்றன. அரிவாள் வடிவம் கொள்ளும் சிவப்பணுக்கள் மெல்லிய நாளங்களில் சிக்கிக்கொள்கின்றன. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952இலேயே பதிவானது. அந்தச் சமூகங்களில் ஓர் இளைஞர் இடுப்பு வலி என்று வந்தால், வேலைக் களைப்பு என்று தைலம் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

கொரோனா காலத்தில் இந்த நோயின் பெயரை நம் நாட்டில் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள். மும்பை பி.டி. இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கொரோனாவிலிருந்து மீண்ட மூவருக்கு இடுப்பு எலும்பு இறந்ததை 2021இல் பதிவு செய்தனர். தொற்று கண்டறியப்பட்டுச் சராசரியாக 58 நாட்களிலேயே அறிகுறி வந்திருந்தது. வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைந்த ஸ்டீராய்டுக்கே வந்திருந்தது. அந்த மருந்து அன்று எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட ஒருவருக்குச் சில மாதங்களில் கவட்டையில் வலி வந்தால், சம்மணமிட்டு உட்காரச் சிரமப்பட்டால், முழங்காலில் கோளாறு ஏதும் இல்லாமலே முழங்கால் வலித்தால், இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது அவசியம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரு வரி அந்தக் கட்டத்தில் ஆறுதல் தரக் கூடாது.

இடுப்பைப் போலவே ஒற்றை வழியை நம்பியிருக்கும் எலும்புகள் வேறு இடங்களிலும் உண்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் படகு வடிவ எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. கையை ஊன்றி விழுந்து அதன் ஒடுங்கிய நடுப்பகுதி முறிந்தால், முழங்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும். ஒட்டாமலே போய்விடுவதும் உண்டு.

சரிவதற்கு முன்பே பிடிபட்டால் செய்ய வேலை இருக்கிறது. தலைக்குள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து, புதிய நாளங்கள் நுழைய வழி திறக்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அர்பனியாக் இன்னும் துணிந்த முறையைப் பெருமளவில் கையாண்டார். காலின் சிறு எலும்பை அதன் தமனியோடும் சிரையோடும் வெட்டியெடுத்து, இறந்த தலைக்குள் செருகி, நுண்ணோக்கியின் கீழ் அந்த நாளங்களை இடுப்பின் நாளங்களோடு தைத்து இணைப்பார்கள். வெறும் எலும்புத் துண்டை வைக்காமல் ரத்தம் ஓடும் எலும்பை வைக்க அவ்வளவு மணி நேரம் உழைப்பதே, நாளத்துக்குத் தரப்படும் மதிப்பு.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் தலைமையிலான குழு, இறந்தவர்களின் 24 இடுப்புகளை அறுத்து, நான் தொடக்கத்தில் சொன்ன தமனியின் பாதையை ஒவ்வொரு வளைவாகப் பின்தொடர்ந்து 2000இல் எழுதியது. அது எந்தத் தசைக்குப் பின்னால் ஒளிந்து ஓடுகிறது, எந்தத் தசையை வெட்டாமல் விட்டால் அது காக்கப்படும் என்பதை அது காட்டியது. அந்த அறிவின் துணையோடுதான் அவர்கள் இடுப்பை வேண்டுமென்றே முழுதாக விலக்கி உள்ளே சிகிச்சை செய்துவந்தார்கள். ஜாக்சனுக்கு விபத்தில் ஒரு நொடி பாதியளவு நடந்ததை, இவர்கள் மேசைமேல் முழுமையாகச் செய்தார்கள். ஏழு ஆண்டுகளில் இப்படி விலக்கிய 213 இடுப்புகளில் ஒன்றில்கூட எலும்பு இறக்கவில்லை என்று 2001இல் அறிவித்தார்கள்.

அந்த அறுவைச் சிகிச்சையில் ஒரு சிறிய வழக்கம் உண்டு. கிண்ணத்திலிருந்து வெளியே வந்து, வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் தலையில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போடுவார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, துளையில் ரத்தம் ஊறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.